வெளிச்சத்துக்கும் ஒரு தராசு

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இளைஞர் சங்கத்து மேடையில் ஏறுகிறவர்கள் கல்வியைப் பற்றிப் பேசுவார்கள்; ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள்; ஒற்றுமையைப் பற்றிப் பேசுவார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வெளிச்சம். ஞான வெளிச்சம் அன்று. மாலை ஐந்து மணிக்கு நமது விளையாட்டு மைதானத்தில் எஞ்சி நிற்கிறதே, அந்த வெளிச்சம். ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் இந்த வெளிச்சம் போதும் என்றோ, போதாது என்றோ சொல்ல வேண்டியவர் யார்? அவர் எதைக் கொண்டு அதைச் சொல்ல வேண்டும்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காண்பதே இன்றைய எனது நோக்கம். சிறிய விடயம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் கண்ணும் பல்லும், ஓர் அணியின் ஒருநாள் உழைப்பும், இரண்டு தோட்டங்களுக்கிடையிலான நட்பும் இந்தச் சிறிய விடயத்தில் தங்கியிருக்கின்றன.

நமது சுற்றுப்போட்டிகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊர் திரும்புகிறார்கள். பத்துத் தோட்டங்களிலிருந்து அணிகள் வருகின்றன. காலை எட்டு மணிக்கு ஆரம்பம் என்று துண்டுப்பிரசுரம் சொல்லும். முதற்பந்து வீசப்படும்போது ஒன்பதரை ஆகியிருக்கும். நடுவில் ஒரு மழை, பிரமுகர் ஒருவரின் வருகை, அவருக்கு மாலை, அவருடைய பேச்சு. ஆட்டத்துக்கு ஆட்டம் நேரம் பிந்துகிறது. இறுதியாட்டத்தில் இரண்டாவது அணி துடுப்பெடுக்கும்போது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. முதலில் ஆடிய அணிக்குப் பகல் கிடைத்தது. பின்னால் ஆடும் அணிக்கு இருட்டுக் கிடைக்கிறது.

அப்போதுதான் சச்சரவு ஆரம்பமாகிறது. "பந்து தெரியவில்லை" என்கிறது ஓர் அணி. "நன்றாகத் தெரிகிறதே" என்கிறது மற்றையது. நடுவர் வானத்தைப் பார்க்கிறார், கூட்டத்தைப் பார்க்கிறார், கூட்டத்தில் எந்தத் தோட்டத்தார் அதிகம் என்பதையும் பார்க்கிறார். தோற்கிறவனுக்கு இருட்டுகிறது, வெல்கிறவனுக்கு விடிகிறது! இது இரு தரப்பாரின் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டியதைக் காண்பது மனித இயல்பு. ஆகவேதான், வேண்டுதல் வேண்டாமை இல்லாத ஒரு பொருளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்கிறேன்.

தாய்மார்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மலையில் நாள் முழுவதும் நின்று பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி நிறுவைக்குக் கொண்டுவருகிறீர்கள். நிறுக்கிறவர் தராசை ஒதுக்கி வைத்துவிட்டு, சாக்கைக் கையால் தூக்கிப் பார்த்து, "இது பதினாறு கிலோ" என்று சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா? அவர் எவ்வளவு நல்லவராயினும் ஏற்கமாட்டீர்கள். தராசைக் கொண்டுவா என்பீர்கள். அந்தத் தராசு நேரானதுதானா என்றும் கேட்பீர்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கிறாய் என்பதை முன்னாலேயே சொல் என்பீர்கள். இந்த நியாயத்தை நமது மூத்தோர் போராடிக் கற்றனர். கொழுந்துக்கு நாம் கேட்கும் நியாயத்தை நமது பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் கேட்போம் என்பதே எனது வேண்டுகோள். நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும் சான்றோருக்கு உவமையாக நிறுக்கும் கோலையே எடுத்துக்கொண்டார் என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

கண் இருக்கும்போது கருவி எதற்கு என்று சிலர் கேட்கலாம். கண் ஓர் அற்புதமான உறுப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெளிச்சத்தை அளப்பதற்கு அதைப்போல் தகுதியற்ற கருவி வேறில்லை. ஏன்? கண் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. வெளிச்சம் குறையக் குறையக் கண்மணி விரிகிறது. விழித்திரையின் உணர்திறன் கூடுகிறது. ஆகவே குறைந்தது எவ்வளவு என்பதை நாம் உணர்வதேயில்லை.

இதை எண்ணால் விளக்குகிறேன். வெளிச்சத்தின் அளவை லக்ஸ் என்னும் அலகால் குறிப்பர். ஒரு மெழுகுதிரியிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் ஒரு தாளைப் பிடித்தால் அதன்மேல் விழுவது ஏறத்தாழ 1 லக்ஸ். உச்சிவெயிலில் மைதானத்தின்மேல் விழுவது ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வானம் நன்றாக மூடிக்கிடக்கும் பகலில் அது சில ஆயிரங்களாக இறங்கிவிடும். தெளிந்த வானத்தில் சூரியன் மறையும் வேளையில் ஏறத்தாழ 400. அதன்பின் இருபது நிமிடம் சென்றால் மூன்று, நான்கு லக்ஸ். முழுநிலாவின் ஒளியோ ஒரு லக்ஸின் கால் பங்கு அளவுதான். பாருங்கள், வெயிலுக்கும் மூட்டத்துக்கும் இடையில் வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிட்டது. ஆனால் நமது கண்ணோ, "கொஞ்சம் மப்பாக இருக்கிறது" என்று மட்டுமே சொல்கிறது. சூரியன் மறைந்த இருபது நிமிடத்தில் வெளிச்சம் நூறு மடங்குக்கு மேல் குறைகிறது. அப்போதும் ஆட்டத்தின் மும்முரத்தில் இருப்பவன், "இன்னும் இரண்டு ஓவர் போடலாம்" என்கிறான்.

இன்னும் ஒன்று உண்டு. மங்கிய வெளிச்சத்தில் விழித்திரையின் செய்தி மூளைக்குத் தாமதமாகவே போய்ச் சேர்கிறது. மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்படும் பந்து துடுப்பாளரை அடைய ஏறத்தாழ அரை விநாடி ஆகும். அதில் ஐந்தில் இரண்டு பங்கு, பந்தைக் கண்டு உடல் அசையத் தொடங்குவதற்கே செலவாகிவிடும். எஞ்சியிருப்பதில் ஒரு சிறு துளி குறைந்தாலும் துடுப்புக்கு வரவேண்டிய பந்து முகத்துக்கு வருகிறது. துடுப்பாளருக்காவது பந்து எந்தப் பக்கமிருந்து வரும் என்பது தெரியும். அடித்த பந்து எங்கிருந்து, எவ்வளவு வேகத்தில் வரும் என்று அறியாமல், தேயிலைச் செடிகளின் கருமையைப் பின்னணியாகப் பார்த்தபடி நிற்கும் களத்தடுப்பாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பந்தின் நிறமும் இதில் சேர்கிறது. நமது விழித்திரையில் கூம்புக்கலங்கள், கோற்கலங்கள் என இருவகை உண்டு. பகலில் நிறங்களைக் காட்டுவன கூம்புக்கலங்கள். இருள் கவியும்போது பொறுப்பை ஏற்கும் கோற்கலங்களுக்கோ சிவப்பு நிறம் ஏறக்குறையத் தெரியாது. பொழுது சாயும் வேளையில் செம்பருத்திப் பூ கறுத்துப்போக, இலை மட்டும் வெளிறித் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இதை ஆராய்ந்து எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. கடினப்பந்து சிவப்பு. ஆகவே மாலையில் முதலில் மறைவது அதுவே. மஞ்சளும் பச்சையும் கலந்த டென்னிஸ் பந்து இன்னும் சற்று நேரம் தெரியும். மென்பந்து ஆட்டத்துக்குப் போதுமான வெளிச்சம் கடினப்பந்துக்குப் போதாது என்பதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

இனி, பெரிய ஆட்டங்களில் இது எவ்வாறு நடந்தது என்று பார்ப்போம். அளவு என்பது கிரிக்கெட்டுக்குப் புதிதன்று. ஆடுகளத்தின் நீளம் 22 யார். அது ஒரு சங்கிலி. நிலம் அளப்பவர் இழுத்த அதே சங்கிலி. 1948ஆம் ஆண்டில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கொழும்பு ஓவல் மைதானத்தில் இலங்கை அணியுடன் ஆடியது. நமது அணிக்குத் தலைவர் புகழ்பெற்ற மகாதேவன் சதாசிவம். ஆட்டத்தின் நடுவில் விருந்தாளிகளுக்கு ஐயம் பிறந்தது. அளந்து பார்த்தார்கள். ஆடுகளம் 20 யார்தான் இருந்தது! உலகத்தின் தலைசிறந்த துடுப்பாளர் ஆடிய களத்தில் இரண்டு யார் குறைந்துபோயிற்று. வாதம் செய்யாமல் அளந்ததனால் விடயம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. நீளத்தைச் சங்கிலி தீர்க்கும். வெளிச்சத்துக்கு அத்தகைய சங்கிலி இல்லாதிருந்த காலத்தில்தான் வம்புகள் பெருகின.

1971ஆம் ஆண்டு யூலை மாதம் மான்செஸ்டரில் லங்காஷயர், குளொஸ்டர்ஷயர் அணிகளுக்கிடையே ஓர் அரையிறுதி ஆட்டம் நடந்தது. மழையால் நேரம் இழந்து இரவு எட்டே முக்காலுக்குப் பின்னரும் ஆட்டம் நீண்டது. பக்கத்துப் புகையிரத நிலையத்தில் விளக்கேற்றிவிட்டார்கள். வெளிச்சம் போதாது என்று முறையிட்டதற்கு, நடுவர் ஆர்தர் ஜெப்சன், நிலா தெரிகிறதே, இதைவிட எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று கேட்டாராம். அந்த இருட்டிலே டேவிட் ஹியூஸ் ஒரே ஓவரில் 24 ஓட்டங்கள் அடித்தார்; லங்காஷயர் வென்றது. கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆனால் அன்று ஒரு களத்தடுப்பாளரின் கண் போயிருந்தால் அதை இனிமையான கதையாகச் சொல்லிக்கொண்டிருப்போமா?

2000ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கராச்சியில் நடந்த டெஸ்ட் போட்டியில் நிலைமை நேர்மாறு. 176 ஓட்டங்கள் எடுத்தால் இங்கிலாந்துக்கு வெற்றி. பாகிஸ்தான் அணித்தலைவர் மொயின் கான் ஓவர்களை மெதுவாகவே வீசச் செய்தார். பொழுது போய்விட்டால் ஆட்டம் சமநிலையாகும் என்பது கணக்கு. இருட்டியதும் ஆட்டத்தை நிறுத்தும்படி முறையிட்டார். நேரத்தை வீணாக்கியவருக்கு இருட்டின் பலனைத் தர நடுவர் ஸ்டீவ் பக்னர் மறுத்துவிட்டார். இங்கிலாந்து ஆறு விக்கெட்டுகளால் வென்றபோது ஏறக்குறைய இருட்டியே போயிருந்தது. பக்னர் செய்தது நியாயம் என்பர் பலர். நானும் அவரைக் குறைகூறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அக்காலத்து விதிப்படி, வெளிச்சம் மங்கினால் வெளியேற விருப்பமா என்று துடுப்பாளரிடம் கேட்பது வழக்கம். வெல்லும் நிலையில் நிற்பவர் எதற்காக வெளியேறுவார்? தோற்கும் நிலையில் நிற்பவர் எதற்காகத் தங்குவார்? வழக்கில் சம்பந்தப்பட்டவரையே நீதவான் ஆசனத்தில் இருத்தும் விதி அது.

அந்த விதியின் பிழையை நமது நாடும் அனுபவித்தது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி பார்படோஸில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நம்மில் பலர் இரவிரவாகத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மழையால் 38 ஓவர்களாகக் குறைந்த ஆட்டம். கில்கிறிஸ்ட் 149 ஓட்டங்கள் குவித்தார். நமது அணி ஆடும்போது மேலும் மழை பெய்து 36 ஓவர்களாயிற்று. 33 ஓவர்கள் முடிந்தபோது வெளிச்சம் போதாதென்று நமது துடுப்பாளர்கள் வெளியேறினர். அவுஸ்திரேலியர் வெற்றிக் கூத்தாடினர். இருபது ஓவர்களுக்கு மேல் ஆடியாகிவிட்டபடியால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதிகாரிகளோ, எஞ்சிய மூன்று ஓவர்களையும் ஆடியே தீரவேண்டும், இன்றில்லாவிட்டால் நாளை என்றார்கள். மஹேல ஜயவர்தனவும் பொண்டிங்கும் பேசி, மெதுவாகப் பந்து வீசுவோரைக் கொண்டு அந்த இருட்டிலேயே ஆட்டத்தை முடித்துவைத்தனர். அவுஸ்திரேலியாவுக்கு 53 ஓட்ட வெற்றி. வெற்றி முன்னரே நமது கையை விட்டுப் போயிருந்தது. அதனால் முடிவு மாறவில்லை. ஆனாலும் உலகத்தின் முதல்தர அதிகாரிகள் ஐவர் சேர்ந்து, வெளிச்சம் போனபின் என்ன செய்வது என்ற விதியைத் தவறாகப் படித்தனர். அதே ஆண்டு நடந்த இருபது ஓவர் உலகப் போட்டியில் அந்த ஐவருக்கும் இடம் கொடுக்கப்படவில்லை. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது, எப்போது நிறுத்துவது என்பது மட்டும் போதாது. நிறுத்தியபின் என்ன என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே.

2010ஆம் ஆண்டில் விதி மாற்றப்பட்டது. இன்று துடுப்பாளரைக் கேட்பதில்லை, அணித்தலைவரைக் கேட்பதில்லை. இரு நடுவர்களும் சேர்ந்து தீர்மானிக்கின்றனர். விதி அவர்களுக்கு இரண்டு கேள்விகளை வைக்கிறது. ஆடுவது ஆபத்தானதா? ஆபத்தில்லாவிட்டாலும் நியாயமற்றதா? எத்தனை லக்ஸ் என்ற எண்ணை விதி சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சர்வதேச ஆட்டங்களில் நடுவர்கள் ஒளிமானியைப் பயன்படுத்தி, ஆட்டத்தை நிறுத்தும் நேரத்தில் அது காட்டும் அளவைக் குறித்துக்கொள்கின்றனர். பின்னர் அதே போட்டியில் அந்த அளவே உரைகல் ஆகிறது. ஒருநாள் ஓர் அணிக்காக நிறுத்திய வெளிச்சத்தில் மறுநாள் மற்றைய அணியை ஆடச்சொல்ல முடியாது. ஒளிமானியின் பெருமை இதில்தான் இருக்கிறது. அது நடுவருக்குப் பதிலாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவருக்கும் ஒரே தீர்ப்புத்தான் என்பதை உறுதிசெய்கிறது.

2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இலண்டன் ஓவல் மைதானத்தில் இதற்குச் சோதனை வந்தது. கடைசி நாள். இங்கிலாந்து வெற்றிபெற இன்னும் 21 ஓட்டங்கள். எஞ்சியிருந்தவை நான்கு ஓவர்கள். அவுஸ்திரேலிய அணித்தலைவர் கிளார்க் வெளிச்சத்தைச் சுட்டிக்காட்டினார். களத்தில் நின்ற நடுவர்கள் பாகிஸ்தானின் அலீம் தாரும் நமது நாட்டின் குமார் தர்மசேனவும். ஒளிமானியைப் பார்த்தார்கள், ஆட்டத்தை நிறுத்தினார்கள். மைதானம் நிறைந்த இங்கிலாந்து இரசிகர்கள் கூச்சலிட்டனர். ஆனால் ஒளிமானிக்குக் காது இல்லை. வெற்றியை எதிர்பார்த்து வந்த கூட்டத்தின் நடுவே, ஒரு சிறு கருவியைக் கையில் பிடித்தபடி நியாயத்தில் நின்ற அந்த இருவரையும் நமது இளம் நடுவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

அண்மைய உதாரணம் ஒன்றும் உண்டு. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அதே மைதானத்தில் நமது அணி ஆடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் வோக்ஸ் ஓர் ஓவரில் இரண்டு பந்துகளை வீசிய நிலையில் நடுவர்கள் வெளிச்சத்தை அளந்து, இனி வேகப்பந்து கூடாது என்றனர். எஞ்சிய நான்கு பந்துகளையும் அவர் சுழற்பந்தாக வீசவேண்டியதாயிற்று! கூட்டம் சிரித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பில் அறிவு இருந்தது. ஆபத்து, வெளிச்சத்தை மட்டுமன்றிப் பந்தின் வேகத்தையும் பொறுத்தது. அந்தப் போட்டியில் பத்தும் நிசங்க ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுக்க, இலங்கை எட்டு விக்கெட்டுகளால் வென்றதையும் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

இவையெல்லாம் சமவெளியின் கதைகள். பெரிய மைதானங்களின் கதைகள். நாம் வாழ்வது மஸ்கெலியாவில். இங்கு வெளிச்சத்துக்குத் தனிக்குணம் உண்டு.

முதலாவது, மலை. நமக்கு மேற்கே நிற்பது 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையும் அதைச் சார்ந்த தொடரும். பத்திரிகையில் போடும் சூரிய அஸ்தமன நேரம் கடல் மட்டத்து அடிவானத்துக்கு உரியது. சூரியன் ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை நகர்கிறது. ஆகவே, மேற்கிலுள்ள மலைமுகடு அடிவானத்திலிருந்து ஏழரைப் பாகை உயர்ந்திருந்தால் நமக்குச் சூரியன் அரைமணி நேரம் முன்னதாகவே போய்விடும். இதை அளக்கக் கருவி வேண்டியதில்லை. கையை நேராக நீட்டி முட்டியை மடக்கினால், அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. கண்மட்டத்திலிருந்து முகடு வரையில் ஒரு முட்டி இருந்தால் 40 நிமிட வெயில் நட்டம். ஒவ்வொரு மைதானத்துக்கும் இந்தக் கணக்கு வேறு. பள்ளத்தில் இருக்கும் மைதானமும் மேட்டில் இருக்கும் மைதானமும் ஒரே நேரத்தில் இருளா.

இரண்டாவது, நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்கிறோம். இங்கிலாந்தின் கோடைகாலத்து அந்தி நெடுநேரம் நிற்கும். நமது அந்தி நில்லாது. சூரியன் நேராக இறங்குகிறபடியால் இருபது நிமிடத்தில் இரவாகிவிடும். நவம்பர் மாதத்தில் நமது நாட்டில் மாலை ஐந்தே முக்கால், ஐந்து ஐம்பதுக்கே சூரியன் மறைகிறது. தீபாவளிச் சுற்றுப்போட்டி வருவதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

மூன்றாவது, மூடுபனி. இது மிக முக்கியம். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து பனி ஏறி வரும்போது மைதானம் முழுவதும் வெள்ளையாகிறது. அப்போது ஒளிமானியைப் பிடித்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கான லக்ஸ் காட்டும். ஏனெனில் பனி ஒளியை விழுங்குவதில்லை, சிதறடிக்கிறது. வெளிச்சம் நிறைய இருக்கும். பந்து வீசுபவரையோ காணமுடியாது! ஆகவே ஒளிமானி மட்டும் நமக்குப் போதாது. கொழுந்து அரைத்தபின் அதன் பதத்தைப் பார்க்கும் டீமேக்கர் வெப்பமானியையும் பார்க்கிறார்; கையில் அள்ளி மணத்தையும் பார்க்கிறார். ஒன்றை நம்பி மற்றொன்றை விடுவதில்லை. நமது நடுவரும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பெருஞ்செலவு இல்லாமல் நமது சங்கமே செய்யக்கூடிய ஐந்து காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு மைதானத்துக்கும் உரிய எண்ணைக் கண்டறிவோம். சுற்றுப்போட்டிக்கு முன்னர் ஒரு மாலையில் இரண்டு நடுவர்கள் துடுப்பாளர் நிற்கும் இடத்தில், பந்து வரும் வழிக்கு விலகி நிற்கட்டும். ஒருவர் மெதுவாகப் பந்தை எறியட்டும். கையிலிருந்து புறப்படும் பந்து தெளிவாகத் தெரியவில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளும் கணத்தில் ஒளிமானியைப் பார்த்து எண்ணைக் குறிக்கட்டும். வேகமாக வரும் பந்துக்கு அதைவிடக் கூடிய வெளிச்சம் வேண்டுமாதலால், அந்த எண்ணின் இரண்டு மடங்கில் ஆட்டத்தை நிறுத்துவதென்று வைத்துக்கொள்ளலாம். கடினப்பந்துக்கு ஓர் எண். மென்பந்துக்கு ஓர் எண். ஒளிமானி வாங்கப் பணமில்லையென்றால், கையடக்கத் தொலைபேசிகள் பலவற்றில் வெளிச்சத்தை உணரும் சிறு உறுப்பு இருக்கிறது. அதை லக்ஸ் கணக்கில் காட்டும் வசதியும் கிடைக்கிறது. ஆனால் ஒரு தொலைபேசி காட்டும் எண்ணை மற்றொன்று காட்டாது. ஆகவே எண்ணைக் கண்டறிந்த அதே தொலைபேசியையே ஆட்ட நாளிலும் பயன்படுத்த வேண்டும். அதே இடத்தில், முகம் வானத்தை நோக்கியபடி, பிடிப்பவரின் நிழல் விழாமல் அளக்க வேண்டும். தராசு மாறினால் நிறையும் மாறும் அல்லவா?

இரண்டாவது, மூடுபனிக்குக் கொடி. எல்லைக்கோட்டில் நான்கு திசையிலும் நான்கு சிறு கொடிகளை நடுவோம். ஆடுகளத்தின் நடுவில் நின்று பார்க்கும்போது அவற்றில் ஒன்றேனும் மறைந்தால் ஆட்டம் நிற்கும். நான்கும் தெரிந்தால் தொடரும். பார்வையாளர் எவரும் இதில் வாதிட முடியாது. அவர்களுக்கும் கொடி தெரியாது!

மூன்றாவது, பந்து வீசுபவருக்குப் பின்னால் அகலமான ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுவோம். வெளிச்சம் எவ்வளவு என்பதை ஒளிமானி சொல்லும். கருந்தேயிலையின் பின்னணியில் சிவப்புப் பந்து தெரியுமா என்பதை அது சொல்லாது. துணி அந்தக் குறையை நீக்கும்.

நான்காவது, கடைசி ஆட்டத்திலிருந்து பின்னோக்கி நேரத்தைக் கணிப்போம். ஓர் ஓவருக்கு நான்கு நிமிடம் என்றால் பத்து ஓவர் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் 80 நிமிடம். இடைவேளையோடு ஒன்றரை மணி. நவம்பரில் சூரியன் 5.50க்கு மறையும், மலை அரைமணியை எடுத்துக்கொண்டால் 5.20. ஆகவே இறுதியாட்டம் 3.45க்குப் பிந்தி ஆரம்பிக்கக் கூடாது. பிரமுகரின் பேச்சைப் பரிசளிப்பில் வைத்துக்கொள்ளலாம். பேச்சுக்கு விளக்கு வெளிச்சம் போதும். அத்தோடு, யாருக்குக் காலை ஆட்டம், யாருக்கு மாலை ஆட்டம் என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்மானிப்போம். போட்டியை நடத்தும் தோட்டம் காலையிலும், தொலைவிலிருந்து லொறியில் வருபவர்கள் எப்போதும் இருட்டிலும் ஆடுவது விருந்தோம்பலுக்கு அழகன்று.

ஐந்தாவது, நிறுத்தினால் என்ன என்பதை எழுதி இரு அணித்தலைவர்களிடமும் கையொப்பம் வாங்குவோம். இரண்டாவது அணி ஐந்து ஓவர்களாவது ஆடியிருந்தால், அத்தனை ஓவர்கள் முடிவில் முதல் அணி பெற்றிருந்த ஓட்டங்களோடு ஒப்பிட்டு முடிவு சொல்லலாம். அதற்குக் குறைந்தால் மறு ஞாயிறு புதிதாக ஆடலாம். இது பூரணமான முறையென்று சொல்லேன். ஆனால் முன்கூட்டியே அறிந்த குறையுள்ள விதி, ஆட்டத்தின் நடுவில் பிறக்கும் குறையற்ற விதியைவிட மேலானது.

பெரியோர்களே, உங்களில் சிலரது முகத்தில் ஒரு சிரிப்பைக் காண்கிறேன். "நாங்கள் பந்து தெரியாத வரைக்கும் ஆடினோம், எங்களுக்கு என்ன ஒளிமானி இருந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. வேலை முடிந்து, எஞ்சிய வெளிச்சத்தில் அடுத்த லயத்துப் பிள்ளைகளோடு ஆடினீர்கள். அங்கே கிண்ணமில்லை, பரிசுப் பணமில்லை, பந்தயமில்லை. இருட்டியதும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். அந்த விளையாட்டுக்கு இன்றும் கருவி வேண்டியதில்லை. ஆனால் ஊரைக் கூட்டி, கட்டணம் வாங்கி, கிண்ணம் வைத்து, வென்றவன் தோற்றவன் என்று நாம் தீர்ப்புச் சொல்ல முற்படும்போது, அந்தத் தீர்ப்புக்கு ஓர் ஆதாரம் கேட்கும் உரிமை ஆடுகிறவனுக்கு வந்துவிடுகிறது. பிள்ளையின் முகத்தில் பந்து பட்டால், இங்கிருந்து வைத்தியசாலைக்குப் போகும் வழியின் தூரத்தையும் நீங்களே நன்கறிவீர்கள்.

தம்பிமாரே, இறுதியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. எண் பாதகமாக வந்தாலும் ஏற்றுக்கொள்பவனே எண்ணைக் கேட்கும் தகுதியுடையவன். இன்னும் ஆறு ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில், நடுவர் ஒளிமானியைப் பார்த்து ஆட்டத்தை நிறுத்தும் நாள் உங்களுக்கும் வரும். அன்று துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரணியின் கையைக் குலுக்கிவிட்டு, வாய் பேசாமல் வெளியே வாருங்கள். மற்றொரு நாள் அதே எண் உங்களைக் காப்பாற்றும். தனக்கு நட்டம் வரும்போதும் தராசை மதிக்கும் இளைஞர்கள் இருக்கும் ஊரில், கொழுந்துத் தராசிலும் ஒருவர் விரல் வைக்கத் துணியமாட்டார்.

இந்த ஐந்து காரியங்களையும் செயற்குழு ஆராய்ந்து, அடுத்த சுற்றுப்போட்டிக்கு முன்னர் நமது மைதானத்தின் எண்ணைக் கண்டறிந்து அறிவித்தற்பலகையில் எழுதிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.